இருபதுக்கு எத்தனை

நவம்பர் இரவு. பெண்டில் ஹில்லில்
வெக்கை இன்னும் இறங்கவில்லை.
கூரைமேல் ஒரு போஸம் ஓடுகிறது.
திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறார்கள்
பெயர் இல்லாத பிள்ளைகள்.
எண் உண்டு, கையெழுத்து உண்டு,
பாதியில் பேனா மாற்றிய இடம் உண்டு.

பள்ளிக் கடைசித் தேர்வு, ஆங்கிலம்.
மற்றப் பாடங்களில் நல்லதாகப் பார்த்துப்
பொறுக்கிக் கூட்டுவார்கள்.
இதை மட்டும், நல்லதோ கெட்டதோ,
கூட்டியே தீருவார்கள்.

என் கையில் ஒரு பட்டியல்.
மேல் படியில் 'ஸ்கில்ஃபுல்', நடுவில் 'சவுண்ட்',
கீழே 'லிமிட்டட்'.
சவுண்ட் என்றால் எங்கள் ஊரில் சத்தம்.
சவுண்டு பார்ட்டி என்றால் காசுக்காரர்.
இங்கே அது
ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.

பன்னிரண்டாம் வகுப்பில் என் ஆங்கிலம்
இருநூறுக்கு எழுபத்து நான்கு.
எழுபது எடுத்தால் பாஸ்.
"நாலு மார்க் உபரி!" என்று
சாத்தூர் கடைத்தெருவில் அண்ணன் மிக்சர் வாங்கிக் கொடுத்தான்.
நூற்று எண்பத்தாறு எடுத்த ஜெசிந்தா
இப்போது எங்கே என்று தெரியாது.
நன்றாகத்தான் இருப்பாள். இருக்கட்டும்.
அவள் கெட்டுப்போனால்தான்
என் கதை தேறும் என்று ஏதும் இல்லை.

ஆங்கிலம் எனக்குப் பிறகு வந்தது,
ஒன்பது வருடம் கழித்து,
பிளாக்டவுன் மருத்துவமனையில் தரை துடைக்கையில்,
நர்ஸிடம் பொய் சொன்ன நோயாளிகள்
என்னிடம் உண்மை சொன்ன வகையில்.
வந்தது. யாரும் தேதி குறித்து வைக்கவில்லை.

போன மாதம் சுடுதண்ணீர் டேங்க் ஒழுகியது.
சரிசெய்ய வந்தவன் வாசலிலேயே நின்றான்: "மிஸ்?"
ஷார்பெல். என் மாணவன்.
அடியிலிருந்து இரண்டாவது பேண்ட்.
நாற்பது நிமிடத்துக்கு இருநூற்றைம்பது டாலர் வாங்கினான்.
அதற்கு நான் இந்தத் திரைமுன்
மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.
"ரிசீட்டுக்கு இன்னும் ஸ்பெல்லிங் வராது மிஸ்,
போனே எழுதிக்கொள்கிறது" என்று சிரித்தான்.
இதை ஊரெல்லாம் சொல்லலாம். சொன்னேன்.

விதுஷாவின் கதையைச் சொல்லவில்லை.
அவளுக்கும் நான்தான் டீச்சர்.
ஆங்கிலம் கீழே இழுத்ததில்
முக்கால் புள்ளியில் பார்மசி போயிற்று.
வேறு ஊரில் வேறு ஏதோ படித்தாள்.
நலம் என்கிறாள். சரி.
மேஸ் ஹில் முருகன் கோயிலில் அவள் அம்மா
என்னைக் கண்டதும்
செருப்பு அடுக்கில் எதையோ தேடத் தொடங்குகிறார்.
எண் ஒன்றும் செய்யாது என்று
எந்த வாயால் சொல்வேன்?
அது சாத்தும். சாத்திவிட்டு
அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

பத்து நாற்பது. அடுத்த தாள்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
அப்பாவோடு லாரியில் ஓர் இரவு,
டப்போ தாண்டி, குறுக்கே ஒரு கங்காரு.
காற்புள்ளி ஒன்றுகூடச் சரியில்லை.
விளக்கொளியில் அதன் கண்கள் எரிந்த இடத்தில்
தண்ணீர் டம்ளர் என் கையிலேயே நின்றது.
பிறகு கடைசி வரி:
'அப்பா எப்போதும் சொல்வது'
அதோடு நேரம் முடிந்திருக்கிறது.

பட்டியலில் தேடுகிறேன்.
சொல்லாமல் விட்டதற்கு மதிப்பெண் கிடையாது.
கண்கள் எரிந்ததற்கு உண்டு, கொஞ்சம்.
பதினொன்று போடுகிறேன். அழிக்கிறேன்.
பன்னிரண்டு.
எங்கோ இன்னொருவரும் இதே தாளைப் படிப்பார்,
இரண்டும் ரொம்ப விலகினால் மூன்றாமவர்.
நியாயமான ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பரில், விடியல் ஆறு மணிக்கு
அந்தப் பிள்ளையின் போன் அதிரும்.
எண் போய்ச் சேர்ந்துவிடும்.
மிச்ச வாக்கியம்
எனக்கு வராது.